ஒரு ரூபாய் எடை நிக்கல்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் என் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் முப்பது வருடச் சைக்கிள் ஒன்று நிற்கிறது. பெயிண்ட் உதிர்ந்த சட்டம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பேறியிருக்கிறது. விரலால் தேய்த்தால் செம்பொடி ஒட்டும். அதற்கு மேல் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில்பார் மட்டும் இன்னும் மின்னுகிறது. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் அந்த மினுமினுப்பில் அங்கங்கே கடுகளவு சிவப்புப் புள்ளிகள். ஒரு புள்ளியை ஆணி முனையால் கிளறினேன். முனை உள்ளே இறங்கிவிட்டது.

"பெயிண்ட் போன இரும்பு தாங்குது, முலாம் போட்ட இரும்புல ஓட்டை விழுது. இதுக்கு எதுக்குப்பா இத்தனை பளபளப்பு?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரும்பை மட்டும் பார்த்தால் போதாது, நிக்கலை மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே ஈரத்தில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்பை ஈரமும் காற்றும் சேர்ந்து தின்கின்றன. தின்ன விடாமல் தடுக்க நடுவில் எதையாவது வைக்க வேண்டும். இந்த யோசனை இந்த மண்ணில் பழையது. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்காலச் சான்றுகளின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்த ஊர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் அதைத் தங்கள் ஊர் என்றே சொல்லிவந்தார்கள். இரும்பு உருக்கத் தெரிந்த நாளிலிருந்தே துருவோடு சண்டையும் தொடங்கியிருக்கும். அதற்கு எழுத்துச் சான்று வேண்டுமென்றால் புறநானூற்றின் 95-ஆம் பாட்டைத் திறக்கலாம். தகடூர் (இன்றைய தருமபுரி) மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போல் இகழ்ந்த பாட்டு என்று பள்ளியில் படித்தோம். எனக்கு அதில் பிடித்தது அந்த நெய். தண்ணீரை அண்டவிடாத மெல்லிய படலம். உலோகப் பாதுகாப்பின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று. அதன் குறையையும் பாட்டே காட்டிவிடுகிறது. நெய் பூசிய வேல் அரண்மனைக்குள் இருக்கும்வரைதான் நெய் நிற்கும். ஒரு மழை, ஒரு கைப்பிடி, ஒரு போர் போதும், படலம் போய்விடும்.

வேலை செய்யும் இரும்புக்கு வேலை செய்யும் படலம் வேண்டும். அதாவது உலோகத்தின் மேல் உலோகம். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது இதே தந்திரம்தான். தெருவில் துருத்தியோடு உட்கார்ந்து, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் ஆகும். புளிக்குழம்பு பித்தளையைத் தொடாது, களிம்பு ஏறாது. ஆனால் இரும்பின் மேல் எந்த உலோகத்தைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதை இரண்டாகப் பிரிகிறது.

உலோகங்கள் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. வேதியியல் புத்தகத்து அட்டவணையில் துத்தநாகம் −0.76 வோல்ட், இரும்பு −0.44, நிக்கல் −0.25. எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சீக்கிரம் அந்த உலோகம் கரையும். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நனைந்தால், கீழே இருப்பது தான் கரைந்து மேலே இருப்பதைக் காப்பாற்றும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தாலும் உடனே சிவக்காததற்குக் காரணம் இதுதான். இரும்பு வெளியே தெரிந்தாலும் அக்கம்பக்கத்துத் துத்தநாகம் அதற்காகக் கரைகிறது. கரைந்து முடியும்வரை இரும்புக்குக் கவலையில்லை.

நிக்கல் அப்படிப்பட்ட தியாகி கிடையாது. அது இரும்புக்கு மேலே இருக்கிறது. நிக்கல் படலத்தில் ஊசித்துளை ஒன்று இருந்து, அதில் ஈரம் இறங்கினால், கரைய வேண்டியது இரும்பு. அதோடு விவகாரம் முடியவில்லை. துளை ஊசிமுனை அளவு. சுற்றியுள்ள நிக்கல் பரப்போ முழு ஹேண்டில்பார். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தப் பெரிய பரப்பு முழுவதிலும் எலக்ட்ரான் கேட்டுக்கொண்டே இருக்கும். கொடுக்க வேண்டியது அந்த ஒரு துளிப் புள்ளி. ஊரே கடன் வாங்க, ஒரே ஒரு வீட்டுக்காரர் வட்டியும் முதலுமாக அடைப்பது போல. அதனால் இரும்பு அகலமாகத் தேயாமல் ஆழமாகக் குழிகிறது. மூடாத சட்டத்தில் கடன் எல்லாருக்கும் பங்கு பிரிந்தது, மெல்லப் பழுப்பேறியது. ஹேண்டில்பாரில் அது ஒரே புள்ளியில் இறங்கியது.

ஆக, நிக்கல் முலாம் என்பது மதில். மதிலில் ஓட்டை இருந்தால் மதில் இல்லாததைவிட மோசம். இந்தத் தொழிலில் உள்ள அத்தனை நுணுக்கமும் ஓட்டை இல்லாத மதில் எழுப்பும் முயற்சிதான் என்று நான் நினைக்கிறேன். பளபளப்பு அதில் ஒட்டிக்கொண்டு வந்த விஷயம். வாடிக்கையாளர் பார்ப்பது பளபளப்பை, மழை பார்ப்பது ஓட்டையை.

அப்படியானால் எதற்கு நிக்கல், எல்லாவற்றுக்கும் துத்தநாகமே போடலாமே? நட்டு, போல்ட்டுக்கு அதைத்தான் போடுகிறார்கள். மலிவு, போதும். ஆனால் துத்தநாகம் மென்மையானது. உராய்ந்தால் தேயும், வெள்ளை மாவு பூக்கும், அமிலத்திலும் காரத்திலும் கரையும். நிக்கல் உராய்வைத் தாங்கும், காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரத்தை அலட்சியம் செய்யும், தன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்ளும். பம்பின் உள்பாகம், வால்வு, ஹைட்ராலிக் பிஸ்டன், பிளாஸ்டிக் அச்சு என்று, அளவு ஒரு முடி அகலம்கூட மாறக்கூடாத இடங்களில் தியாகியால் பயனில்லை. அங்கே கரையாமல் நிற்கும் ஆள் வேண்டும்.

முலாம் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வரிசையாகத் தொட்டிகள். அவற்றில் நிக்கல் தொட்டி ஒன்றோ இரண்டோதான், மற்றதெல்லாம் கழுவுவதற்கு. மெருகு போட்ட பாகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதைச் சூடான காரக் கரைசல் எடுக்கும். துரு இருக்கும், அதை அமிலம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர். கடைசியில் பாகத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் உடையாமல் ஒரே தாளாக வழிந்தால் சுத்தம். தாமரை இலைபோல் முத்து முத்தாக நின்றால் எங்கோ பிசுக்கு ஒட்டியிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. கருவி ஏதும் வேண்டாத இந்தச் சோதனையை நம்பித்தான் பல லட்ச ரூபாய் சரக்கு தொட்டிக்குள் இறங்குகிறது. பிசுக்கு இருந்த இடத்தில் நிக்கல் படியும், ஆனால் பிடிக்காது. பிறகு ஒருநாள் அப்பளம்போல் உரிந்துவிடும்.

நிக்கல் தொட்டியின் பச்சைக் கரைசலுக்கு ஒரு பெயர் உண்டு: வாட்ஸ் பாத். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் வாட்ஸ் 1916-இல் சொன்ன கலவை. நூறு வருடம் தாண்டியும் அளவுகளைச் சற்றே முன்பின் மாற்றி அதையேதான் உலகம் முழுக்க ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்ஃபேட், அதுதான் நிக்கலின் களஞ்சியம். கொஞ்சம் நிக்கல் குளோரைடு. நேர்மின்வாயில் தொங்கும் நிக்கல் கட்டிகள் சண்டித்தனம் பண்ணாமல் கரைய அது வேண்டும். மூன்றாவது போரிக் அமிலம். கேரம் போர்டில் காய் வழுக்கத் தூவுகிறோமே, அதே போரிக் பவுடர். பாகத்தின் பக்கத்தில் அமிலத்தன்மை சட்டென்று மாறிவிடாமல் அது பிடித்து நிறுத்துகிறது. இல்லாவிட்டால் நிக்கல் உலோகமாகப் படிவதற்குப் பதில் பச்சைக் கூழாகப் படியும்.

இவற்றோடு துளித்துளியாகச் சில சேர்மானங்கள் போகின்றன. அந்தப் பட்டியல் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஒன்று சாக்கரின், சர்க்கரை நோயாளிகள் காபியில் போடும் அதே இனிப்பு. நிக்கல் மணிகளை நுண்ணியதாக்கிப் பளபளப்பைக் கூட்டும், படலத்தின் உள்ளிறுக்கத்தையும் தளர்த்தும். இன்னொன்று சோடியம் லாரில் சல்ஃபேட், பற்பசையில் நுரை தரும் பொருள். மின்சாரம் பாயும்போது பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகளும் எழும். ஒரு குமிழி அங்கேயே ஒட்டிக்கொண்டால் அதைச் சுற்றி நிக்கல் வளர்ந்து, குமிழி இருந்த இடம் குழியாகும். மாமா சைக்கிளின் சிவப்புப் புள்ளிகளில் சில அப்படிப் பிறந்தவையாக இருக்கலாம். நுரைப்பொருள் குமிழியை வழுக்கி விடுகிறது.

எவ்வளவு நிக்கல் படியும் என்பதற்குக் கணக்கு கறாரானது. ஃபாரடே விதிப்படி ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 1.095 கிராம் நிக்கல். ஹேண்டில்பாரின் வெளிப்பரப்பு ஏறக்குறைய 5 சதுர டெசிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் வீதம் மொத்தம் 20 ஆம்பியர், அரை மணி நேரம். குமிழியில் போனதைக் கழித்தால் பத்தரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிக்கல் படியும். 1950-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் நிக்கலால் ஆனது. காந்தம் ஒட்டும், சிறுவயதில் தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்திருக்கிறேன். நாட்டு வைத்தியர்கள் சொல்லும் 'ஒரு ரூபாய் எடை' 11.66 கிராம். அந்த ஒரு ரூபாய் எடைக்கும் குறைவான நிக்கல்தான் ஒரு முழு ஹேண்டில்பாரையும் போர்த்துகிறது. கனம் சுமார் 24 மைக்ரான், தலைமுடியின் மூன்றில் ஒரு பங்கு. வெளியில் மழை வெயிலில் நிற்கும் பாகத்துக்கு ஏறக்குறைய இந்தக் கனம் வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் எட்டு மைக்ரான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். மலிவுச் சரக்கின் ரகசியம் அந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது.

கனத்தைக் கூட்டினால் துளைகள் குறையும், முற்றாக மறையாது. இதற்கு முலாம்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு நயமானது. பளபளப்புக்காகச் சாக்கரின் போன்ற கந்தகச் சேர்மங்களைச் சேர்க்கும்போது படலத்திலும் கொஞ்சம் கந்தகம் போய் உட்காரும். கந்தகம் ஏறிய நிக்கல் சுத்த நிக்கலைவிடச் சற்றுச் சீக்கிரம் கரையும். ஆகவே முதலில் கந்தகம் இல்லாத, மங்கலான நிக்கலை அடிப்படலமாகக் கனமாகப் போடுகிறார்கள். அதன் மேல்தான் பளபளப்பு நிக்கல். மேலிருந்து இறங்கும் அரிப்பு பளபளப்பு அடுக்கைத் துளைத்து எல்லைக்கு வந்ததும் கீழே போக மறுக்கிறது. பக்கவாட்டில் மேல் அடுக்கையே தின்றுகொண்டு போகிறது. இரண்டுக்கும் இடையில் பத்தில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான வித்தியாசம்தான். அது போதும். நிக்கலுக்குள்ளேயே ஒரு துத்தநாகத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். இதற்கு இரட்டை நிக்கல் என்று பெயர்.

அதன் மேல் குரோமியம். "குரோம் போட்ட ஹேண்டில்பார்" என்று சொல்கிறோமே, அதில் குரோமியம் அரை மைக்ரானுக்கும் குறைவு. நிக்கல் காலப்போக்கில் மஞ்சளாக மங்கும், அதைத் தடுக்கவும் கீறலைத் தாங்கவுமே அந்த மெல்லிய நீலச்சாயல் தோல். உடல் நிக்கல், பெயர் குரோமியத்துக்கு. குரோமியத் தோலிலும் துளைகள் உண்டு. அடைக்க முடியாது என்று தெரிந்ததும் நேர்மாறாக யோசித்தார்கள்: வேண்டுமென்றே சதுர செண்டிமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் நுண்துளைகளை உண்டாக்குவது. முன்னே சொன்ன கடனை ஒரே வீட்டுத் தலையில் கட்டாமல் பத்தாயிரம் வீட்டுக்குப் பிரித்துவிட்டால் யாருக்கும் வலிக்காது. அரிப்பு எங்கும் ஆழமாக இறங்குவதில்லை. ஓட்டைக்கு மருந்து ஓட்டையே!

மின்சாரத்தால் போடும் முலாமுக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. மின்னோட்டம் விளிம்புகளிலும் முனைகளிலும் கூடும், குழிகளுக்குள் போகாது. ஒரு தட்டையான தகட்டைத் தொட்டியில் தொங்கவிட்டால் ஓரம் தடித்து நடுவு மெலிந்து வரும். குழாயின் உட்புறம் அனேகமாக வெறும் இரும்பாகவே நிற்கும். மாமாவின் ஹேண்டில்பாருக்கு ரப்பர் பிடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இது தெரியும். சைக்கிளுக்குப் பாதகமில்லை. ஆனால் பம்பு, வால்வு, குழாய் இவற்றின் வேலையே உட்புறத்தில்தான்.

இதற்கு விடை வந்தது ஒரு கணக்குப் பிழையிலிருந்து. இரண்டாம் உலகப்போர் நேரம். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிலையத்தில் ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் குழாய்களின் உட்புறத்தில் நிக்கல் கலப்புலோகம் படியவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் வேண்டாத ஆக்சிஜனேற்றம் நடப்பதைத் தடுக்க 1944-இல் சோடியம் ஹைப்போபாஸ்பைட் என்ற உப்பைச் சேர்த்தார்கள். எடை போட்டுப் பார்த்தால், பாய்ந்த மின்சாரத்துக்கு ஃபாரடே விதிப்படி படிய வேண்டியதைவிட அதிக நிக்கல் படிந்திருந்தது. மின்னோட்டம் எட்டாத வெளிப்புறத்திலும் படிந்திருந்தது. கல்லாவில் கணக்குக்கு மேல் பணம் இருந்தால் சாதாரணக் கடைக்காரர் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இவர்கள் விடவில்லை. மின்சாரத்தையே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், நிக்கல் தொடர்ந்து படிந்தது. எலக்ட்ரானைக் கம்பி வழியாகக் கொடுக்க வேண்டியதில்லை, அந்த உப்பே கொடுக்கிறது. படிந்த நிக்கலே அடுத்த நிக்கல் படிய ஊக்கியாகவும் இருக்கிறது.

மின்னில்லா நிக்கல் என்ற இந்த முறையில் கரைசல் சுமார் 90 டிகிரி சூட்டில் இருக்கும். மணிக்கு 10 முதல் 20 மைக்ரான் வரை வளரும். கரைசல் தொடும் இடமெல்லாம், உள்ளே, வெளியே, திருகின் அடிப்பள்ளத்தில்கூட ஒரே கனம். உப்பிலிருந்து பாஸ்பரஸும் படலத்தில் சேர்ந்துகொள்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் பாஸ்பரஸ் போனால் படலத்தில் படிக அமைப்பே இருக்காது, கண்ணாடிபோல் ஒழுங்கற்ற அணுக்குவியல், காந்தத்தன்மையும் போய்விடும். படிகம் இல்லையென்றால் படிக எல்லைகள் இல்லை, அரிப்பு நுழையும் சந்துகள் இல்லை. மதில் என்ற உவமைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது: செங்கல்லே இல்லாத மதில். 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் கடினம் ஏறக்குறைய இரட்டித்து, கடின குரோமியத்தை நெருங்கும். ஆனால் சுட்டால் படிகம் பிறக்கும், அரிப்பைத் தாங்கும் திறன் குறையும். கடினம் வேண்டுமா, காப்பு வேண்டுமா என்று பாகம் செய்பவர் முடிவெடுத்தாக வேண்டும். கரைசலுக்குக் கோபமும் உண்டு. சூடு மீறினாலோ தூசி விழுந்தாலோ தொட்டி முழுக்க ஒரே நேரத்தில் நிக்கல் கொட்டிவிடும், தொட்டிச் சுவருக்கே முலாம் ஏறும்.

முலாம் போட்டபின் இன்னொரு சூடும் உண்டு. உறுதி மிக்க எஃகு ஸ்பிரிங், போல்ட் போன்றவை அமிலத்திலும் தொட்டியிலும் ஹைட்ரஜனைக் குடித்துவிடும். வெளியே பார்க்கப் புதுமாப்பிள்ளைபோல் இருக்கும். சுமையேற்றி வைத்தால் சில மணி நேரத்தில், அல்லது மறுநாள், யாரும் தொடாமலே டப்பென்று முறியும். அதனால்தான் இத்தகைய பாகங்களை முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். இதைத் தவிர்த்து மின்சாரச் செலவை மிச்சம் பிடிப்பவர் அடுத்தவர் உயிரில் மிச்சம் பிடிக்கிறார்.

இதெல்லாம் எங்கோ நடப்பதில்லை. பழைய தருமபுரி மாவட்டத்தின் வடக்கு மூலையில், ஓசூரில், 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்டும் அங்கே ஆலை திறந்தது. 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் தன் கடிகார ஆலையை அங்கேதான் அமைத்தது. இத்தகைய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் முளைப்பது இயல்பு. கடைசல், மெருகு, முலாம் எல்லாம் அந்தச் சந்துகளுக்குள் நடக்கும். தங்க முலாம் கடிகாரத்தில்கூட நிக்கலுக்கு ஒரு மறைமுக வேலை இருந்தது. பித்தளை உறையின் மேல் நேராகத் தங்கம் போட்டால் செம்பு அணுக்கள் மெல்லத் தங்கத்துக்குள் ஊர்ந்து வந்து நிறத்தைக் கெடுக்கும். நடுவே நிக்கல் அடுக்கு காவல் நிற்கும். ஆனால் வியர்வையில் கரையும் நிக்கல் சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம், தோலைத் தொடும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர செண்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று வரம்பு வைத்தது. இரும்பைக் காத்தவனுக்குத் தோலோடு ஒத்துப்போகவில்லை.

போச்சம்பள்ளிப் பக்கம் இன்று மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. அத்தகைய வண்டிகளின் உருளை வடிவ லித்தியம் மின்கலங்களின் உறை, நிக்கல் முலாம் பூசிய எஃகுத் தகட்டை ஆழமாக இழுத்துச் செய்தது. தகட்டை அப்படி இழுக்கும்போது சாதாரண முலாம் விரிசல் விடலாம். அதனால் இதற்கென்றே தயாராகும் தகடுகளில் முலாம் போட்ட பிறகு உலையில் வைத்து நிக்கலை இரும்புக்குள் ஊறவிடுகிறார்கள். எல்லையில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடுகின்றன. எது மதில், எது வீடு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நேர் எதிரான கதை பாலக்கோட்டிலும் அரூர் பக்கத்துக் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நினைத்தால் வருகிறது. சர்க்கரைத் தொழிலில் பாகிலிருந்து படிகத்தைப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரங்களில், இடைவிடாமல் ஓடும் வகைக்குள், கூம்பு வடிவச் சல்லடை ஒன்று சுழலும். அதன் கண் அகலம் 0.06 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அத்தனை நுண்ணிய கண்ணை யாராலும் குத்தித் துளைபோட முடியாது. அச்சின் மேல் நிக்கலைப் படியவைத்து, கண்கள் மட்டும் மூடாதபடி விட்டு, பிறகு அந்த நிக்கலைத் தோலுரிப்பது போல் தனியாக உரித்தெடுக்கிறார்கள். மேலே குரோமியம், படிகங்கள் உராய்ந்து தேயாமலிருக்க. முலாம் பிடிக்காமல் உரிவது பட்டறைக்காரருக்குக் கெட்ட கனவு. இங்கே அதுவே தொழில்நுட்பம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் தருமபுரியில் எதையும் பேச முடியாது. இங்குள்ள பாறையில் நெடுநாள் ஊறிய நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் பல்லில் கறை விழும், போகப்போக எலும்பைப் பிடிக்கும். அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013 மே மாதம் தொடங்கியது. முலாம் தொட்டிக்கு அச்சம் வேறு: கடின நீரின் கால்சியம். கழுவிய பாகத்தோடு அது தொட்டிக்குள் வந்து சேர்ந்து, சல்ஃபேட்டோடு கூடி ஜிப்சம் ஊசிகளாக விளைந்து, முலாமில் மணல் தூவியதுபோல் சொரசொரப்பைத் தரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை உப்புநீக்காமல் ஊற்றும் பட்டறை நாள் போகப்போகத் தன் தொட்டியைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

உள்ளே வரும் தண்ணீரைவிட வெளியே போகும் தண்ணீர் பெரிய சங்கதி. நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் நிக்கல் வரை விடலாம், குடிநீரிலோ 0.02 மில்லிகிராம்தான் வரம்பு. நடுவே நூற்றைம்பது மடங்கு. விடுகிற இடத்தில் ஓடும் ஆறு இருந்தால் அந்த இடைவெளியை ஆறு கரைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. ஏரியும் கிணறுமாக இருக்கும் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது என்பது என் அபிப்பிராயம். தடங்கம், அதியமான்கோட்டைப் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா வரும் இந்த நேரத்தில் இதைப் பேசுவதுதான் பொருத்தம்.

செய்யக்கூடியது கடினமான வித்தையில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் நம் வீட்டுப் பெண்கள் பாத்திரம் கழுவும் முறைதான். மூன்று அண்டா. அழுக்குப் பாத்திரம் முதல் அண்டாவில் நுழைந்து மூன்றாவதில் வெளிவரும். நல்ல தண்ணீர் மூன்றாவதில் ஊற்றப்பட்டு, பிறகு இரண்டாவதுக்கும் முதலாவதுக்கும் இறங்கிவரும். பாகத்தோடு ஒட்டிவரும் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கவைக்க ஒரே தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். எதிரெதிராக ஓடும் இரண்டு தொட்டி வைத்தால் 32 லிட்டர் போதும், மூன்று வைத்தால் பத்தே லிட்டர். அந்தப் பத்து லிட்டரில் நிக்கல் செறிவாக இருப்பதால், சூட்டில் ஆவியாகி வற்றும் முலாம் தொட்டிக்கே திரும்ப ஊற்றிவிடலாம். மிச்சத்தைக் காரமாக்கினால் நிக்கல் பச்சைச் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேறு அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான புதைகுழிக்குப் போக வேண்டியது, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு அல்ல.

மாமாவின் ஹேண்டில்பாருக்கு வருவோம். பழைய முலாமை உரித்து, மெருகு போட்டு, மறுபடி முலாம் ஏற்ற ஆகும் கூலியில் வேறு ஹேண்டில்பாரே வாங்கிவிடலாம். "புளி போட்டுத் தேய்ச்சா போயிடும்" என்று அத்தை உள்ளேயிருந்து கிண்ணத்தோடு வந்தார். தடுத்துவிட்டேன். பித்தளைக்குப் புளி நல்லது. இங்கே புளியின் அமிலம் அந்த ஊசித்துளைகளுக்குள் இறங்கித் தங்கிவிடும், துரு இன்னும் வேகமாகும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டோம். இரும்பு சுட்டபிறகு தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு புள்ளியிலும் விட்டோம். சூட்டில் அது துளைக்குள் இறங்கிப் போனது. மேலே ஒரு கை வாஸலின்.

மாமா தூரத்தில் நின்று பார்த்தார். "இனிமே துருப்பிடிக்காதில்ல?"

"மழையில நிறுத்தாம இருந்தா."

"மழையில யாரு இதை எடுத்துக்கிட்டுப் போகப் போறாங்க?" என்று சொல்லி, சைக்கிளை மறுபடி தாழ்வாரத்திலேயே சாய்த்து வைத்தார்.